படைநூலும் கச்சேரியும்

அரசர்களுக்கும் சேனாதிபதிகளுக்கும் எழுதப்பட்ட நூல்களை, அரசரும் சேனாதிபதியும் மறைந்துபோன இக்காலத்தில் குமாஸ்தாக்களும் மேலாளர்களும் விலைகொடுத்து வாங்கிப் படிப்பது ஒரு வழக்கமாகவே நிலைத்துவிட்டது. மதுரை ரயில் நிலையத்துப் புத்தகக் கடையில் மட்டுமன்றி, அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெட்டிக்கடைகளிலும், ராசிபலன் புத்தகத்துக்கும் சமையற் குறிப்புக்கும் நடுவே, சன் சூவின் பெயரையோ சாணக்கியரின் பெயரையோ தாங்கிய மெல்லிய புத்தகம் ஒன்று கண்ணிற்படும்; அட்டையில் கோட்டணிந்த கனவான் ஒருவர் சதுரங்கக் காயை நகர்த்திக்கொண்டிருப்பார். பகைவனை வெல்வதற்குப் பிறந்த சாஸ்திரம் பக்கத்து நாற்காலிக்காரரை வெல்லவும் பயன்படுமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட விஷயம். பயன்படும் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் பயன்படக்கூடிய பகுதி ஒன்றாகவும், வாங்குகிறவர் ஆவலோடு புரட்டித் தேடும் பகுதி வேறொன்றாகவும் இருப்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

போர்நூல் அலுவலகத்துக்கு வந்துசேர்ந்த பாதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சீனப் போர்நூலாசிரியர் சன் சூவின் பதின்மூன்று அத்தியாயங்களை அமியோ என்ற சேசு சபைத் துறவி பிரெஞ்சில் பெயர்க்க, அது 1772-இல் பாரிஸில் வெளியாயிற்று. 1910-இல் லயனல் கைல்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஜப்பானியக் கம்பெனிகளின் எழுச்சியைக் கண்டு வியந்த அமெரிக்கர், அவர்கள் வெற்றியின் ரகசியம் பழைய வாள்வீரர்களின் சுவடிகளில் இருக்கக்கூடும் என்று நம்பி, மியமோட்டோ முசாஷி 1645-இல் முடித்த வாள்வித்தை நூலை 1970-களில் வியாபாரிகளுக்கான கைநூலாகவே விற்றார்கள். 1987-இல் வெளிவந்த ‘வால் ஸ்ட்ரீட்’ திரைப்படத்தில் பங்குச் சந்தைத் திமிங்கிலம் ஒருவன் சன் சூவை மேற்கோள் காட்டுகிறான். அதன் பிறகு அந்தச் சீனர் அடைந்த கீர்த்தியை எந்தச் சக்கரவர்த்தியின் சபையிலும் அவர் அடைந்திருக்கமாட்டார்.

நம் நாட்டுக் கதை இதனினும் சுவையானது. தஞ்சாவூர்ச் சீமையைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் கொண்டுவந்து கொடுத்த கிரந்த லிபி ஓலைச்சுவடியில், சாணக்கியர் என்றும் வழங்கும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இருப்பதை ஆர். சாமசாஸ்திரி கண்டறிந்து, 1909-இல் அதனை அச்சேற்றினார். அதுவரை பெயரளவில் மட்டுமே வழங்கிய அந்த நூலைப் படித்தவர்கள், அது யுத்த சாஸ்திரம் என்பதைவிட உத்தியோக சாஸ்திரம் என்பதே பொருந்தும் என்பதைக் கண்டார்கள். பதினைந்து அதிகரணங்களில் மிகப் பெரிதான இரண்டாம் அதிகரணம் முழுவதும் பொக்கிஷம், பண்டசாலை, சுங்கம், சுரங்கம் முதலான துறைகளின் அத்தியக்ஷர்களைப் பற்றியது. நெசவூராகிய அருப்புக்கோட்டையார் விரும்பிப் படிக்கத்தக்க ஓர் அத்தியாயமும் அதில் உண்டு. நூல் துறைக்கென்று தனி அத்தியக்ஷன் ஒருவனை நியமித்து, நூலின் மென்மை, தடிப்பு, நடுத்தரம் பார்த்துக் கூலி நிர்ணயிக்கச் சொல்கிறார் ஆசிரியர். அரசாங்கப் பணத்தை உத்தியோகஸ்தர் கையாடும் வழிகள் நாற்பது என்று எண்ணிக் காட்டிவிட்டு, நீருக்குள் இருக்கும் மீன் எப்போது தண்ணீர் குடிக்கிறது என்பதை எப்படி அறிய முடியாதோ அப்படியே இவர்கள் எடுப்பதையும் அறிய முடியாது என்று கைவிரிக்கிறார். இந்த நூலை அலுவலகத்துக்குப் பொருத்திக் காட்டுவதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள், அது பிறந்த வீட்டுக்கே அதனை விருந்தாளியாக அழைத்துவருகிறார்கள்.

ராஜதந்திரம் என்று கௌடில்யர் வகுத்த ஆறு குணங்களாகிய சந்தி, விக்கிரகம், ஆசனம், யானம், சம்சிரயம், துவைதீபாவம் ஆகியவற்றுள் விக்கிரகமாகிய போரும் யானமாகிய படையெடுப்பும் மட்டுமே நேரான போர்ச்செயல்கள். சமாதானத்தாலும் யுத்தத்தாலும் கிடைக்கும் பலன் சமமாக இருக்குமானால் சமாதானத்தையே கொள்ளவேண்டும் என்றும், யுத்தத்தில் ஆள் நஷ்டமும் பொருட்செலவும் ஊரைவிட்டு அகன்றிருக்கும் அல்லலும் மிச்சம் என்றும் அவர் கணக்குப் போட்டுச் சொல்கிறார். புது மேலதிகாரி வந்து சேர்ந்த முதல் சில மாதங்களில், பழைய அதிகாரியின் மனிதர் என்று பெயர் வாங்கிய ஒருவர் செய்யத்தக்க காரியம் ஆசனம் ஒன்றே. தம் மேசையில் தேங்கிய கோப்புகளை நகர்த்திக்கொண்டு சும்மா இருப்பது. அலுவலக வாழ்க்கையில் நான் கண்ட தோல்விகளிற் பெரும்பாலானவை, சும்மா இருந்திருக்கவேண்டிய வேளையில் யானம் புறப்பட்டவர்களுடையவை.

திருக்குறளின் பொருட்பாலுக்கு வந்தால் இந்த உண்மை இன்னும் தெளிவாகத் துலங்கும். எழுபது அதிகாரங்களில் படையைப் பற்றி நேராகப் பேசுவன படைமாட்சி, படைச்செருக்கு என்னும் இரண்டே. வலியும் காலமும் இடமும் அறிவதற்கு அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள். ஆளைத் தேர்வதற்கும் தேர்ந்த ஆளை வேலையில் அமர்த்துவதற்கும் இரண்டு. முகக்குறிப்பை அறிவதற்கு ஒன்று. மன்னரைச் சேர்ந்தொழுகல் என்னும் அதிகாரமோ, மேலதிகாரியின் அறைக்குள் நுழைகிறவர் எவரும் மனப்பாடம் செய்யத்தக்கது. நெருப்பருகே குளிர்காய்பவரைப் போல மிக விலகாமலும் மிக நெருங்காமலும் இருக்கச் சொல்வதோடு, அதிகாரி முன்னிலையில் பிறரோடு காதில் ஓதுவதையும் சிரிப்பதையும் கூடத் தவிர்க்கச் சொல்கிறது. ஒற்றாடலில் உள்ள ஒரு நுட்பத்தை மட்டும் சற்று நின்று பார்க்கவேண்டும். மூன்று ஒற்றர் சொல் ஒத்திருந்தால் நம்பலாம் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஓர் ஒற்றன் மற்றோர் ஒற்றனை அறியாதபடி ஆளவேண்டும் என்ற நிபந்தனை அதே குறளில் முன்னதாக வருவது பலருக்கு நினைவிராது. தாலுகா ஆபீஸுக்கு எதிர்த்த டீக்கடையில் காலையில் பிறந்த வதந்தி, பதினோரு மணிக்குள் மூன்று பேர் வாய்வழியாக ஒரே அதிகாரியின் காதில் விழுந்து, மூவரும் ஒத்துச் சொன்னபடியால் உண்மையென்று கொள்ளப்பட்டு, மாலைக்குள் மெமோவாகவும் ஆகிவிடுவது, நிபந்தனையை விட்டுவிட்டு நூலைப் பிரயோகித்ததன் பலன்.

இனி, நம் சீமையிலேயே படையும், அரசாங்க அலுவலகமாகிய கச்சேரியும் நேருக்கு நேர் மோதிய ஒரு விஷயத்தைப் பார்க்கலாம். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனுக்கும் கலெக்டர் ஜாக்ஸனுக்கும் 1798-இல் நடந்த சந்திப்பை நாடகத்திலும் 1959-இல் வந்த திரைப்படத்திலும் கண்டவர்கள், அதனை வீரவசனமாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். வசனத்தை ஒதுக்கிவிட்டு நிகழ்ச்சியை மட்டும் பார்த்தால், அலுவலக ராஜதந்திரத்துக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைப்பது அரிது. கிஸ்திப் பாக்கிக்காக இராமநாதபுரத்தில் வந்து தம்மைக் காணும்படி உத்தரவிட்ட கலெக்டர், தாம் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார். காணச் சென்ற பாளையக்காரரைக் குற்றாலத்திலும் பார்க்கவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பார்க்கவில்லை. மூன்று வாரங்களுக்கு மேல் அவரைத் தம் முகாமின் பின்னாலேயே ஊர் ஊராக இழுத்தடித்து, செப்டம்பர் மாதத்தில் இராமநாதபுரம் அரண்மனையில் பேட்டியளித்தபோதும், உட்கார ஆசனம் கொடுக்காமல் நெடுநேரம் நிற்கவைத்தார். இராமநாதபுரத்துக்கு மேற்கே கிடக்கும் இந்தக் கரிசலும் செவலும் கலந்த வறண்ட வெளியில், ஆவணி வெயிலில், ஆயுதந்தாங்கிய பரிவாரத்தோடு ஒரு கோப்புக்காரரைத் துரத்திக்கொண்டு போவது எத்தகைய அவமானம் என்பதை இங்கே வாழ்கிறவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. காக்கவைத்தல் என்பது எந்தப் போர்நூலிலும் தனியாயுதமாகச் சொல்லப்படாதது; கச்சேரி கண்டுபிடித்த ஆயுதம் அது.

பேட்டி கைகலப்பில் முடிந்தது. வாயிலில் நடந்த மோதலில் லெப்டினண்ட் கிளார்க் இறந்தார். பாளையக்காரரின் காரியஸ்தர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். கட்டபொம்மன் தப்பி ஊர் சேர்ந்தார். அதன் பின் அவர் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. கத்தியை வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தார். கலெக்டரைத் தாண்டிச் சென்னைக் கவர்னருக்கே முறையிட்டார். கவர்னர் எட்வர்ட் கிளைவ், வில்லியம் பிரௌன், வில்லியம் ஓரம், ஜான் காசமேஜர் என்ற மூவரை விசாரணைக்கு அமர்த்தினார், அக்குழு பாளையக்காரரைக் குற்றமற்றவர் என்று கண்டது, பிள்ளை விடுதலையானார், ஜாக்ஸன் பதவியிழந்தார். ஆறு குணங்களில் சம்சிரயம் என்பதை, பெரிய இடத்தின் நிழலை அடைந்து நடுவிலிருக்கும் பகையைச் சாய்ப்பதை, இதைவிடச் செம்மையாகச் செய்துகாட்டியவர் யார்?

ஆனால் அந்த வெற்றியை முழுதும் நியாயத்தின் வெற்றியாகக் கொள்வது பேதைமை. அச்சமயத்தில் கம்பெனியார் திப்பு சுல்தானோடு இறுதி யுத்தத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். தெற்கே இன்னொரு போர்முனையைத் திறக்க அவர்களுக்கு மனமுமில்லை, படையுமில்லை. 1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. ஜாக்ஸனின் இடத்துக்கு வந்த லஷிங்டன் பழைய பாக்கியையும் பழைய கோப்பையும் மறந்துவிடவில்லை. செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை முன் நின்றார். அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலேற்றப்பட்டார். காலமறிதல் என்ற அதிகாரத்தை அந்த ஆண்டில் நன்றாகப் படித்திருந்தது கம்பெனிக் கச்சேரி. தம்மீது வந்த குற்றச்சாட்டு தள்ளுபடியான மகிழ்ச்சியில், தள்ளுபடி செய்த அலுவலகத்துக்கு அப்போது வேறு என்ன நெருக்கடி இருந்தது என்று யோசிக்காமல் விட்டுவிடும் உத்தியோகஸ்தர்களை நாம் நாள்தோறும் பார்க்கிறோம்.

தமிழ்ப் புறத்திணைகளைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். அலுவலகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் சீனத்துக்கும் ஜப்பானுக்கும் போய்வருகிறார்களே தவிர, தொல்காப்பியத்தின் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. பகைவர் ஆநிரையை இரவோடு இரவாகக் கவர்வது வெட்சி. கவர்ந்ததை மீட்பது கரந்தை. வெட்சி என்பது அலுவலகத்தில் அன்றாட நிகழ்ச்சி. ஒருவர் பல மாதம் உழைத்துத் தயாரித்த அறிக்கையின் கீழே மற்றொருவர் கையெழுத்து ஏறி மேலிடத்துக்குப் போகிறது. ஒரு பிரிவில் பழகித் தேர்ந்த தட்டச்சரை அடுத்த பிரிவுக்காரர் ‘தற்காலிகமாக’ அழைத்துக்கொண்டு திருப்பி அனுப்புவதேயில்லை. கரந்தை செய்யக் கிளம்புகிறவர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: மாட்டுக்குச் சூட்டுக்குறி இருந்தது, அறிக்கைக்கு அது கிடையாது. ஆகவே முதல் நகலிலேயே தேதியும் சுருக்கொப்பமும் இட்டு வைக்கிறவர்தான் பின்னால் மீட்கிறார். உழிஞை, நொச்சி என்னும் முற்றுகையும் காவலும் நாற்காலியைச் சுற்றி நடப்பவை, அவற்றை நீட்டவேண்டியதில்லை.

வாகைதான் வியப்பைத் தருவது. வெற்றியைக் குறிக்கும் இத்திணையைத் தொல்காப்பியர் போர்வெற்றியோடு நிறுத்தவில்லை. அவரவரும் தத்தம் தொழிற்கூற்றை மிகுதிப்படுத்திச் சிறப்பதே வாகை என்றும், வாகை பாலைக்குப் புறன் என்றும் வகுக்கிறார். எதிரியே இல்லாமல் ஒருவர் வாகை சூடலாம் என்ற இக்கொள்கை சன் சூவிடத்திலும் இல்லை. போரிடாமல் வெல்வதே மேல் என்று அவர் சொல்லும்போதுகூட, வெல்லப்படுகிற ஒருவன் அங்கே இருந்தே தீரவேண்டும்.

சாம, தான, பேத, தண்டம் என்னும் நான்கு உபாயங்களில் நம்மவர் கை அதிகமாகப் பழகியது பேதமே. மொட்டைக் கடுதாசி அதன் மலிவான ரூபம். ஒரு தபால்தலைச் செலவில் ஒரு மனிதரின் உறக்கத்தைப் பல மாதங்களுக்குக் கெடுத்துவிடலாம். தண்டத்தைப் பொறுத்தவரை, பழைய அரசனுக்கு இருந்த சுதந்திரம் இன்றைய அதிகாரிக்கு இல்லை. அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவு, விசாரித்துச் சமாதானம் சொல்ல வாய்ப்பளிக்காமல் அரசு ஊழியரைப் பதவிநீக்கம் செய்வதைத் தடுக்கிறது; மாநில அரசின் ஒழுங்கு விதிகளில் சிறு தண்டனைக்கு 17-ஏ, பெருந்தண்டனைக்கு 17-பி என்று வழிமுறை உண்டு. ஆனால் யுத்தம் எங்கே மூண்டாலும் புது ஆயுதத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். தண்டனையைவிட, முடிவுபெறாத குற்றச்சாட்டே கூர்மையானது என்பதை ஆபீஸ்கள் எப்போதோ உணர்ந்துவிட்டன. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் தறுவாயில் ஒரு 17-பி வந்து விழுந்தால், குற்றம் நிரூபணமாகாமலே காரியம் முடிந்துவிடுகிறது. நூற்பாலைகளில் இதே வேலையை ஷிப்டு மாற்றமும் ஊர் மாற்றமும் செய்துவந்தன. நிர்வாகக் கொள்கை என்ற பெயரில் தொழிலாளியைக் கெட்ட எண்ணத்தோடு இடம் மாற்றுவதை, நேர்மையற்ற தொழில் நடவடிக்கைகளில் ஒன்றாகத் தொழில் தகராறுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் 1982-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்க்கவேண்டி வந்தது.

போர்நூல்கள் அலுவலகத்துக்குப் பொருந்தாமல் போகும் இடம் ஒன்று உண்டு; அது அற்பமானதும் அன்று. யுத்தம் முடிகிறது, ஆபீஸ் முடிவதில்லை. தோற்றவர் மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து அதே மேசையில் அமர்கிறார். அவர் பெண்ணுக்குக் கலியாணம் என்றால் வென்றவர் மொய் எழுதவேண்டும். பகைவன் வேறு, நம்மவன் வேறு என்ற பிரிவினை யுத்தத்திலேயே நிலைப்பதில்லை என்பதற்கு ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரியின் நினைவுக் குறிப்புகள் சாட்சி. 1795-இல் மதுரையில் இளம் அதிகாரியாக இருந்தபோது ஈட்டியெறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருது என்று எழுதும் அவரே, 1801-இல் அதே சின்ன மருதுவைக் காட்டு மிருகம்போல வேட்டையாடும் படையில் இருக்க நேர்ந்ததைத் துயரத்தோடு எழுதுகிறார். உத்தரவு வெல்ஷுக்கு, வித்தை மருதுவினுடையது.

சாமம் ஒன்றையே உபாயமாகக் கொண்டு உயர்ந்தவர் ஒருவர் திருச்சுழியிலேயே இருந்தார். சுந்தரமய்யர், கிராமக் கணக்கரிடம் மாதம் இரண்டு ரூபாய்க்கு எடுபிடிக் குமாஸ்தாவாகப் பன்னிரண்டு வயதில் நுழைந்து, பெட்டிஷன் எழுதிப் பழகி, சன்னது இல்லாத வக்கீலாக உள்ளூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தொழில் நடத்தியவர். வெளியூரிலிருந்து வரும் புது உத்தியோகஸ்தர் வீடு பிடிக்கும்வரை அவருடைய இல்லத்தில் விருந்தினர். கச்சேரிக்கு வந்த கட்சிக்காரரும் அங்கேதான் சாப்பாடு. கள்ளர் பயம் மிகுந்த அக்காலத்துப் பாதைகளில் அவருடைய வண்டியை மட்டும் எவரும் மறித்ததில்லை என்று அவர் குடும்ப வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மாஜிஸ்திரேட்டும் வேண்டியவர், மாஜிஸ்திரேட் தேடும் ஆளும் வேண்டியவர் என்றால், நட்பரசரும் பகையரசருமாகக் கௌடில்யர் வரையும் மண்டலத்தில் சத்துருவுக்கு இடமே இல்லாமற் போகிறது. 1879 டிசம்பர் 30-இல் அவருக்குப் பிறந்த இரண்டாம் புதல்வர், பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர், உத்தியோகம் என்ற போர்க்களத்தின் பக்கமே போகாமல் திருவண்ணாமலைக்குப் போய்விட்டார். அது ஆறு குணங்களில் எதிலும் அடங்காத ஏழாவது.

இந்தச் சீமைக்கும் அலுவலக யுத்தத்துக்கும் உள்ள நேரான உறவை இனியும் ஒத்திப்போடலாகாது. தமிழ்நாட்டில் எந்த ஆபீஸிலும் மேலதிகாரி கோபத்தின் உச்சியில் சொல்லும் வார்த்தை ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்பது; 1910-இல் உருவான பழைய இராமநாதபுரம் ஜில்லாவைத்தான், அதனுள் 1985 வரை அடங்கியிருந்த அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளையும் சேர்த்து, அச்சொல் நெடுங்காலம் சுட்டிவந்தது. குண்டாறு மணலாகக் கிடக்கவும், கண்மாயில் சீமைக் கருவேலம் மண்டவும், பிறந்தது முதல் இங்கேயே இருப்பவர்களுக்குத் தங்கள் ஊர் ஒரு தண்டனையாகக் கருதப்படுகிறது என்பதை அறிய ஒரு விநோதமான உணர்ச்சி உண்டாகும். ஆனால் அனுப்புகிற அதிகாரி நூல்களைச் சரியாகப் படித்தவரல்லர். கௌடில்யர் அரண்களை எண்ணும்போது நீரரண், மலையரண், காட்டரண் இவற்றோடு, நீரும் புதரும் அற்ற வறண்ட வெளியையும் ஓர் அரணாகவே எண்ணுகிறார். குறளின் அரண் அதிகாரமும் நீர், மலை, காடு இவற்றோடு வெற்று நிலத்தைச் சேர்த்து உரைக்கிறது. எவரும் பறிக்க விரும்பாத நாற்காலியைப் போன்ற பாதுகாப்பான கோட்டை வேறில்லை. சிபாரிசுக் கடிதங்கள் அதனை முற்றுகையிடுவதில்லை. மொட்டைக் கடுதாசியும் அபூர்வம். இங்கே தள்ளப்பட்டு, முதலாண்டு புலம்பி, இரண்டாம் ஆண்டு வேலையில் ஆழ்ந்து, மூன்றாம் ஆண்டு மாறுதல் உத்தரவு வந்தபோது போக மனமில்லாமல் நின்றவர்களை நான் அறிவேன். பாலையும் வாகையும் ஒன்றுக்கொன்று புறனாவது அவர்களிடத்தில் மெய்யாயிற்று.

அவர்கள் சிலரே. தண்டனையாக வந்தவர்களில் பெரும்பாலோர் வந்த நாளிலிருந்தே திரும்பிப் போகும் யானத்துக்கு ஆயத்தம் செய்கிறார்கள். வாரத்தில் பாதி நாள் மருத்துவ விடுப்பு. இடம் காலியானால் நிரப்ப ஆளில்லாமல் பக்கத்துத் தாலுகாக்காரர் பொறுப்பு வகிக்கிறார். நரிக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பட்டா மாறுதலுக்கு வந்தவர், பொறுப்பு அதிகாரி வியாழக்கிழமைதான் வருவார் என்று கேட்டுத் திரும்புகிறார். வியாழக்கிழமை கலெக்டர் ஆபீஸில் கூட்டம். கட்டபொம்மனுக்காவது குற்றாலத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் துரத்திக்கொண்டு போகக் குதிரை இருந்தது. கௌடில்யர் ராஜ்யத்தின் ஏழு அங்கங்களை அடுக்கும்போது, கோட்டைக்கும் பொக்கிஷத்துக்கும் சேனைக்கும் முன்னதாக, நாடும் குடியுமாகிய ஜனபதத்தை வைத்தார். வள்ளுவரும் படையை அடுத்துக் குடியைச் சொன்னார். அவர்கள் நூல்களிலிருந்து சாறு பிழிந்து பெட்டிக்கடைக்கு அனுப்புகிறவர்கள், சத்துருவையும் மித்திரனையும் ஒற்றனையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, ஜனபதத்தை மட்டும் வழியில் இறக்கிவிட்டார்கள். அந்த அட்டைப்படத்துக் கனவானின் சதுரங்கப் பலகையில் நரிக்குடிக்காரருக்கு ஒரு கட்டமும் ஒதுக்கப்படவில்லை.